படகுக்கு வால் தைத்த கிதர் முகம்மது

கிதர் முகம்மது கடலைப் பார்த்தவரில்லை. பார்க்க வேண்டுமென்று ஏங்கியவருமில்லை. அவ்வளவு தண்ணீரையும் ஒரே இடத்தில் மூடி போடாமல் வைத்திருப்பது அவருக்குப் பொறுப்பற்ற காரியமாகப் பட்டது. அவர் பிறந்து வளர்ந்த திண்டுக்கல்லில் தண்ணீர் குடத்தில் வரும். குடத்துக்கு முன்னும் பின்னும் நாலு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். குழாயில் அது வரப்போகும் நேரத்தைச் சொல்ல ஜோசியர்களே தயங்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, கப்பல் கட்டும் சாத்திரத்துக்குப் புதிதாக ஓர் உறுப்பைச் சேர்த்துக் கொடுத்தவர் அவர். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகவாவது எழுதி வைக்காவிட்டால் பின்னால் வருகிற மாலுமிகள் நம்மை மன்னிக்க மாட்டார்கள்.

பேகம்பூரில், தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னாலிருந்த சந்தில் வீடு. விலாசம் தெரியாதவர்கள் மூக்கைக் கேட்டுக்கொண்டே வந்து சேரலாம். தொழில், வால் தைப்பது. இதை விளக்காமல் மேலே போனால் அவர்மேல் தப்பான எண்ணம் உண்டாகும். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கமலையில், கூனை என்ற பெரிய இரும்புச் சால் ஒன்று இறங்கி ஏறும். அதன் அடியில் ஓட்டை. ஓட்டையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய். அதுதான் வால். கூனை கிணற்றுக்குள் இருக்கும்வரை வாலின் வாய் மேலே தூக்கியிருக்கும், தண்ணீர் சிந்தாது. மேலே வந்து சேர்ந்ததும் வால் சாய்ந்து தொட்டியில் கொட்டிவிடும். கூனைக்கு ஒரு தடித்த வடம், வாலுக்கு ஒரு மெல்லிய வால்கயிறு. இரண்டும் ஒரே நுகத்தடியில் கட்டியிருக்கும். மாடு நடந்தால் இரண்டும் சேர்ந்து வரும். இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் வாலில் தையல் விட்டுப்போனால் பாதித் தண்ணீர் வந்த வழியே திரும்பிவிடும். மாடு நாள் முழுக்க நடந்து, கிணற்றை எடுத்துக் கிணற்றிலேயே ஊற்றியதாக ஆகும்.

கிதர் முகம்மது தைத்த வால் ஒழுகாது. தாடிக்கொம்பிலிருந்து அய்யலூர் வரைக்கும் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் இதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர், பதினேழு வயதில் குத்தூசியைப் பிடித்தவர், முப்பது வருஷமாகத் தோலையும் வாரையும் தவிர வேறு எதையும் ஊன்றிப் பார்த்ததில்லை. பெண் கேட்டுப் போனபோது மாமனார், “மாப்பிள்ளைக்கு என்ன சோலி?” என்று கேட்டார். “வால் தைக்கிறேன்” என்று இவர் பணிவாகச் சொன்னார். மாமனார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, விசாரித்துவரத் தாடிக்கொம்புக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் ஒரு தோட்டத்தில் மூன்று மணி நேரம் கூனைக்குக் கீழேயே பார்வையை வைத்திருந்துவிட்டு வந்து, “சொட்டலீங்க” என்றான். அந்த ஒரு வார்த்தையில் சைதூன் பீவிக்குக் கலியாணம் முடிந்தது.

சைதூனுடைய அண்ணன் சௌகத் அலி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரியாணிக் கடை வைத்திருந்தார். ஆடு ஒன்றின் உள்பக்கத்தை வைத்து அவர் அடைந்த முன்னேற்றத்தை, மாட்டின் வெளிப்பக்கத்தை வைத்துத் தன் புருஷன் அடையவில்லையே என்பது சைதூனின் மனக்குறை. 1961-ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்த சௌகத் அலி அந்தப் பேச்சை மறுபடியும் எடுத்தார்.

“மச்சான், கடையில மூணு பேரு வெங்காயம் உரிக்கிறாய்ங்க. கேக்க ஆளில்ல. நீங்க வந்து ஒரு நாற்காலியில உக்காந்தாப் போதும். மேனேஜர்னு போர்டு எழுதி மாட்டிருவோம்.”

“வெங்காயத்துக்கா மேனேஜரு?”

“வெங்காயத்துக்கு, பூண்டுக்கு, இஞ்சிக்கு.”

“இஞ்சியையும் சேத்துத்தான் சொல்றாரு, கேட்டுக்கங்க” என்றாள் சைதூன், வெஞ்சனத்தைப் பரிமாறிக்கொண்டே. “ஊரெல்லாம் கரண்டு மோட்டாரு வருது. மோட்டாருக்கு வால் இருக்கா?”

“அது மோட்டாரோட குறை” என்றார் கிதர் முகம்மது.

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்த நாற்காலி அவர் கனவில் வந்து போய்க்கொண்டிருந்தது. அதில் உட்கார்ந்த மறுநாளே தனக்குப் பெயர் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். சௌகத் அலி பாயோட மச்சான் என்பார்கள். இங்கே, இந்த நாற்றமடிக்கிற சந்தில், ஒட்டன்சத்திரத்து ஆள்கூட வந்து “கிதர் பாய் வீடு எது?” என்று கேட்கிறான். பெயரைச் சொல்லிக் கேட்கிறான். அதைப் போய் வெங்காயத்தின் காலடியில் வைக்க அவருக்கு மனசில்லை.

அந்த நேரத்தில்தான் பாஸ்கல் உள்ளே நுழைந்தான். கிணற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஒரு படகை ஏந்தியிருந்தான்.

பாஸ்கல் மேட்டுப்பட்டித் தச்சன். வெள்ளைக்காரன் காலத்தில் கொடைக்கானல் ஏரியில் துரைமார்களின் படகுகளுக்கு ஆணி அடித்து நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அதனால் கடல் சம்பந்தமான விஷயங்களில் திண்டுக்கல் வட்டாரத்துக்குக் கடைசி வார்த்தை தன்னுடையதுதான் என்று எண்ணியிருந்தான். ஊரை விட்டுக் கிளம்பிய துரை ஒருவர் அவனுக்கு ஒரு பொம்மைப் பாய்ப்படகைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பெயர் யாட் என்று பாஸ்கல் சொன்னான். மரம் உளுத்துக் கொட்டிப்போகவே, அதே அளவில் மஞ்சக்கடம்பு மரத்தைக் குடைந்து புதிதாக ஒன்று செய்தான். மூன்றரை அடி நீளம், அடியில் துரை கொடுத்த அதே ஈயக்கட்டி, நடுவில் பாய்மரம், மேலே பலகை போட்டு மூடிய தளம், தளத்தில் வெற்றிலைப் பெட்டி அகலத்துக்கு ஒரு வாசல். மலைக்கோட்டை அடிவாரத்தில் நடக்கப்போகிற விவசாயக் கைத்தொழில் பொருட்காட்சிக்கு அதை எழுதிக் கொடுத்திருந்தான்.

“பாய், படகு அரைமணி நேரம் தண்ணியில நிக்கணும்னு நோட்டீஸ்ல போட்டுருக்கு” என்றான் பாஸ்கல். “இது கால்மணி நேரத்துல குடிச்சுட்டு உக்காந்துக்கிருது. குடிச்சதுகூடப் பரவால்ல. கக்க மாட்டேங்குது.”

“கவுத்துப் பாத்தியா?”

“காலையிலருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

கிதர் முகம்மது கையைக் கழுவிவிட்டு எழுந்தார். தண்ணீர் தங்கிவிட்ட பாத்திரம் ஒன்றை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டு சோறு தின்னமாட்டார். முற்றத்தில் வைத்துப் படகைக் கவிழ்த்தார்கள். வாசல் வழியாக ஒரு கை தண்ணீர் விழுந்தது. மீதி மூக்குப் பக்கம் ஓடி ஒளிந்துகொண்டது. மூக்கைத் தூக்கினால் முதுகுப் பக்கம் போயிற்று. முதுகைத் தூக்கினால் இடுப்பில் சத்தம் கேட்டது. சௌகத் அலி ஒரு முனையையும் பாஸ்கல் மறு முனையையும் பிடித்துக்கொண்டு குலுக்கினார்கள். உள்ளே தண்ணீர் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஊர்வலம் போய்வந்ததே தவிர, வெளியே வரச் சம்மதிக்கவில்லை. பப்பாளித் தண்டு ஒன்றை வாசலுக்குள் விட்டுப் பாஸ்கல் உறிஞ்சினான். வந்ததில் பாதி வார்னிஷ். அதை விழுங்கிவிட்டு ஐந்து நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்துத் தெருக் கம்பவுண்டரிடமிருந்து ஒரு ரப்பர் குழாய் வந்தது. அது அதற்கு முன் எந்தெந்த வாசல்களில் சேவை செய்தது என்பதைக் கம்பவுண்டர் சொல்லவில்லை. வாய் வைக்க யாரும் முன்வரவுமில்லை.

விழுந்த தண்ணீர் வீணாகக்கூடாதென்று சைதூன் கீழே ஒரு குண்டானை வைத்திருந்தாள். முக்கால் மணி நேர உழைப்பில் குண்டானின் அடி நனைந்திருந்தது.

“இதுக்குள்ள ஒரு கொடம் இருக்கும் போலருக்கே” என்றாள்.

“ஏலே பாஸ்கலு” என்றார் கிதர் முகம்மது, படகைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு. “ஈயக்கட்டியை முடுக்குன போல்ட்டு நாலுலயும் தண்ணி ஏறுது. அதுக்கு நான் தோல்ல வட்டு வெட்டி வச்சு, குங்கிலியம் காய்ச்சி ஊத்திருவேன். அது சின்னச் சோலி. ஆனா அடிப்படையிலேயே ஒரு தப்புப் பண்ணியிருக்க.”

“என்னா தப்பு?”

“இதுக்கு வால் இல்ல.”

பாஸ்கல் துரைமார்களோடு பழகியவன், சட்டென்று கோபப்படமாட்டான். “பாய், இது படகு” என்றான் நிதானமாக.

“இருக்கட்டும். தண்ணி உள்ள வர்ற சாமான்தானே. வந்த தண்ணி போறதுக்கு வழி வேணாமா? அடியில ஒரு ஓட்டையப் போடு. வாலைத் தச்சு, வாயைத் தூக்கிப் பாய்மரத்துல கட்டி விட்டுர்றேன். கரையில எடுத்து வச்சு வாலைக் கீழ விட்டா, ஒரே நிமிசத்துல சுத்தமாக் காலியாயிரும்.”

“படகுக்கு அடியில ஓட்டை போடுறவன் ஒலகத்துல எவனாச்சும் இருக்கானா?”

“கூனைக்கு அடியில இம்புட்டுப் பெரிய ஓட்டை இருக்கே, நூறு வருசமாத் தண்ணி தூக்கலையா?”

இந்தக் கேள்விக்குக் கொடைக்கானலில் யாரும் அவனுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வாயில் வார்னிஷ் சுவை வேறு இன்னும் போகவில்லை. பாஸ்கல் யோசித்தான். யோசிக்கிற இடைவெளியில் சௌகத் அலி புகுந்தார்.

“மச்சான், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒங்க தையல் இதுலயும் ஒழுகாதா?”

“நான் கை வச்ச எடத்துல ஒரு சொட்டு ஒழுகுச்சுன்னா, மறுநாள் காலையில ஒங்க நாற்காலியில வந்து உக்காந்திருப்பேன். ஒழுகலைன்னா அந்த நாற்காலிப் பேச்சை இந்த வீட்டுல யாரும் எடுக்கப்படாது.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அதற்குள் சைதூன், “அண்ணே, சரின்னு சொல்லு” என்றாள். அண்ணன் சரி என்றார்.

மூன்று நாள் வேலை நடந்தது. பாஸ்கல் கண்ணை மூடிக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டு, படகின் அடியில் அரையணா அகலத்துக்கு ஒரு ஓட்டை போட்டான். கிதர் முகம்மது போல்ட்டுகளுக்குத் தோல் வட்டு வைத்துவிட்டு, மெல்லிய கன்றுத்தோலில் ஒன்றரை முழம் வால் வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, ஓட்டையில் மாட்டிச் சுற்றிலும் குங்கிலியம் வார்த்தார். வாலைப் பின்பக்கமாக மேலே கொண்டுபோய், அதன் வாயைப் பாய்மரத்தில் உருவு முடிச்சாகக் கட்டினார். அந்த முடிச்சிலிருந்து ஒரு மெல்லிய கயிறு. படகைக் கரையில் தூக்கி வைத்த பிறகு, கயிற்றைச் சுண்டினால் முடிச்சு அவிழும், வால் விழும், தண்ணீர் கொட்டும். படகு காற்றில் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள மூக்கில் இன்னொரு கயிறு, தடித்தது. இரண்டு கயிறுகளையும் கையில் பிடித்துப் பார்த்தபோது அவருக்குப் பெரிய திருப்தி உண்டாயிற்று. இப்போதுதான் அது ஒரு சாமான் மாதிரி இருந்தது.

பொருட்காட்சியில் படகு விட ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மின்சார மோட்டாரைக் காட்டுவதற்காகக் கட்டிய சிமெண்டுத் தொட்டி அது. மோட்டார் அந்தத் தொட்டியிலிருந்தே தண்ணீரை எடுத்து அந்தத் தொட்டியிலேயே விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, இது சர்க்கார் மோட்டாராகத்தான் இருக்க வேண்டும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். படகுக்காக அரைமணி நேரம் மோட்டாரை நிறுத்தினார்கள். விவசாய இலாகாவைச் சேர்ந்த நடுவர் ஒருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொருட்காட்சியில் பிரியாணி ஸ்டால் போட்டிருந்த சௌகத் அலி, அடுப்பை ஆள் வசம் விட்டுவிட்டு, தோளில் துண்டோடு தொட்டியருகே வந்து நின்றார். அவர் கண் படகைவிட மச்சானையே அதிகமாகப் பார்த்தது. சைதூன் பெண்கள் பக்கத்தில் நின்றாள்.

படகு மிதந்தது. வால் பின்பக்கத்தில் நிமிர்ந்து, பாய்மரத்தைத் தழுவிக்கொண்டு, ஆசீர்வாதம் செய்யும் யானையைப் போல் நின்றது. பட்டிக்காட்டு ஜனங்களுக்கு யாட் என்றால் தெரியாது. வாலைத் தெரியும்.

“கமலைதான்லே இது.”

“வால் இருக்கு, சரி. மாட்ட எங்க?”

“மாடு நீந்திப் போயிருக்கும்.”

பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. பாஸ்கல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தான். கிதர் முகம்மது இரண்டு கயிற்றையும் பிடித்தபடி படகின் விளிம்பையே பார்த்தார். முதலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நின்றதோ அதே கோட்டில் இப்போதும் நின்றது. ஒரு நூல் இறங்கவில்லை. வெங்காய வாசனை மெதுவாக அவரை விட்டு விலகுவதை உணர்ந்தார்.

இருபத்தைந்தாவது நிமிஷம் நடுவர் தலையைத் தூக்கி, “கூட வேலை செஞ்சவரு யாருப்பா? பேரு, தகப்பனார் பேரு சொல்லிட்டுப் போங்க. பாரத்துல எழுதணும்” என்றார்.

பெயரைக் கேட்டுவிட்டார்கள் என்றதும் கிதர் முகம்மதுவால் இருந்த இடத்தில் நிற்க முடியவில்லை. கயிற்றை யார் கையிலாவது கொடுக்க வேண்டும். கூட்டத்தில் காய்ப்புக் காய்த்த பெரிய கை ஒன்று தெரிந்தது. கைக்குச் சொந்தக்காரர் பெருமாள்சாமி, தொப்பம்பட்டிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் போடுகிறவர், முப்பது வருஷம் கமலை ஓட்டியவர். இதைவிட நம்பகமான கை திண்டுக்கல் ஜில்லா உண்டான பிறகும் கிடைக்காது என்று தோன்றியது; ஜில்லா அப்போது உண்டாகியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

“அண்ணே, செத்த நேரம் இதைப் புடிங்க. இந்தா வந்துர்றேன்.”

“குடுங்க பாய். புடிக்கறதுக்கென்னுங்க.”

அவர் மேஜைக்குப் போய்த் தகப்பனார் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மலைப்பக்கத்திலிருந்து ஒரு காற்று அடித்தது. படகு மெல்ல நகர்ந்து மோட்டார் குழாய் இருந்த மூலைக்குப் போயிற்று. குழாயில் இடித்தால் பாய்மரம் போய்விடும். கிதர் முகம்மது திரும்பிப் பார்த்து, “அண்ணே, இழுங்க, கரைக்கு இழுங்க” என்று குரல் கொடுத்தார்.

எதை என்று சொல்லவில்லை.

பெருமாள்சாமி கையிலிருந்த இரண்டு கயிற்றையும் பார்த்தார். ஒன்று தடித்தது, ஒன்று மெல்லியது. இது அவருக்குப் புதிய காட்சியா என்ன? இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தோளில் போட்டார். தொட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். முப்பது வருஷமாகத் தமக்கு முன்னால் போன மாடுகள் எப்படி நடந்தனவோ அதே நடையில், நாக்கால் ‘த்தா, த்தா’ என்று தம்மைத் தாமே ஓட்டிக்கொண்டு, சரிவில் இறங்கி நடந்தார்.

தடித்த கயிறு படகைக் கரைக்குக் கொண்டுவந்தது. மெல்லிய கயிறு முடிச்சை உருவியது. வால் பாய்மரத்தை விட்டது. சற்று நேரம் அந்தரத்தில் யோசித்தது. பிறகு தலை குனிந்து தண்ணீருக்குள் வாயை வைத்தது. பிறந்த நாள் முதலாகக் கொட்டுவதற்கென்றே பழக்கப்பட்ட வால் வம்சத்தில், குடித்த முதல் வால் அதுதான். களக் களக் என்று குடித்தது. படகு பின்பக்கமாக உட்கார்ந்தது, பெருமூச்சு விட்டது, ஈயக்கட்டி கூப்பிட்ட திசையில் போய்விட்டது. பாய்மரத்து நுனியும் அதில் ஒட்டியிருந்த காகிதக் கொடியும் மட்டும் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் தெரிந்தன.

தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்காமல் பெருமாள்சாமி திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க, கூனையைக் காணமுங்களே” என்றார்.

“ஒண்ண மட்டும்ல இழுக்கணும்” என்றான் பாஸ்கல், அழுகையும் ஆத்திரமுமாக.

“ரண்டு கவுறுல ஒண்ண மட்டும் இழுக்கறது எந்த ஊருப் பழக்கமுங்க? மாடு கோவிச்சுக்காதுங்களா?”

கூட்டம் சிரித்தது. கிதர் முகம்மதுவுக்கு அது கேட்கவில்லை. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு சௌகத் அலி வருவது மட்டும் தெரிந்தது. மிகவும் மரியாதையாக வந்தார். தோற்றவரிடம் அப்படித்தான் வர வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

“வருத்தப்படாதீங்க மச்சான். நாளைக்கிச் சுபுஹு தொழுதுட்டு மெதுவா வாங்க. நாற்காலியில மெத்தை போடச் சொல்லிருக்கேன்.”

மெத்தை என்ற சொல்தான் அவரை எழுப்பியது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். மார்பளவு தண்ணீர். அதற்குள் முழுகி, வாலின் வாயைத் தேடிப் பிடித்து, மறுபடியும் மேலே கொண்டுவந்து பாய்மரத்தில் கட்டினார். இந்தத் தடவை இரண்டு முடிச்சு.

“தூக்குங்க” என்றார்.

நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். நிறைமாதத்துப் பசுவைப் போல வந்தது. இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே, மூக்கு ஒன்றிலும் முதுகு இன்னொன்றிலும் பொருந்த வைத்தார்கள். வாசல் வரைக்கும் தண்ணீர் தளும்பி நின்றது. ஈயக்கட்டியும் வாலின் அடியும் நடுவில் தொங்கின.

“நான் என்ன சொன்னேன் மச்சான்? என் தையல்ல ஒரு சொட்டு ஒழுகுனா வாறேன்னு சொன்னேன். பாருங்க. ஒழுகுதான்னு பாருங்க.”

எல்லோரும் குனிந்தார்கள். சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

“இந்தா சொட்டுதே” என்றார் சௌகத் அலி.

“அது வெளித் தண்ணி. தொட்டியிலருந்து ஒட்டிக்கிட்டு வந்தது.”

“தண்ணியில வெளித் தண்ணி எது, உள்தண்ணி எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“தொடைங்க.”

துடைக்கத் துணி இல்லை. கூட்டத்தின் பார்வை முழுவதும் சௌகத் அலியின் தோளுக்குப் போயிற்று. அவர் ஒரு நியாயமான எதிராளி. துண்டை எடுத்துக் கொடுத்தார். பெருமாள்சாமியே முழங்காலிட்டு, போல்ட்டு போல்ட்டாக, தையல் தையலாகத் துடைத்தார். செய்த பாவத்துக்கு அவரால் ஆன பரிகாரம் அது. பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். பஸ் ஒன்று கிளம்ப எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார்கள். நடுவரும் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வந்து பெஞ்சுக்குக் கீழே தலையை விட்டார். ஜில்லா அதிகாரிகள் நேரில் பார்த்தறிய வேண்டியது இதுதான் என்ற முகபாவம் அவரிடம் இருந்தது.

கிதர் முகம்மது மட்டும் குனியவில்லை. ஈரக் கைலியோடு நின்று சைதூனைப் பார்த்தார். அவள் பெண்கள் பக்கத்திலிருந்து எப்போதோ வெளியே வந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாலின் அடித்தையலை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எந்தப் பக்கம் என்று அவருக்குப் புரியவில்லை. கலியாணமான நாள் முதலாக அவர் தைத்த ஒன்றை அவள் உற்றுப் பார்த்து அவர் கண்டதில்லை.

பெருமாள்சாமி வறண்ட விரலைத் தையலின் மேல் ஒரு சுற்று ஓட்டினார். விரலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நடுவரின் கன்னத்திலும் வைத்தார்.

“பொட்டு ஈரமில்லீங்க” என்றார்.

சௌகத் அலி நிமிர்ந்தார். பிரியாணிக் கடை நடத்துகிறவர். ஆயிரம் பேர் குறை சொல்லிக் கேட்டவர். சொன்ன சொல்லுக்கும் நடந்த காரியத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கத் தெரிந்தவர். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“ஒழுகலே. முழுகிருச்சு. முழுகுறதப் பத்தி நாம ஒண்ணும் பேசிக்கிறல.”

“அதுக்குள்ள ஒரு கொடத் தண்ணி நிக்கிதுண்ணே” என்றாள் சைதூன் தரையைப் பார்த்துக்கொண்டே. “நம்ம வீட்டுக் கொடமே சொட்டுது.”

அண்ணன் தங்கையைப் பார்த்தார். நாற்காலி விஷயத்தில் தாம் தனியாக விடப்பட்டுவிட்டதை அவர் அந்த இடத்திலேயே தெரிந்துகொண்டார்.

இந்தச் சந்தடியில் பாஸ்கல் ஒருவன் இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவன் நடுவரோடு தனியாக வழக்கு நடத்திக்கொண்டிருந்தான். படகு மிதந்தது இருபத்தேழு நிமிஷம். மூன்று நிமிஷம் குறைகிறது என்றார் நடுவர். அரைமணி நேரம் தண்ணீரில் நிற்க வேண்டும் என்றுதான் நோட்டீசில் போட்டிருக்கிறது, மிச்சம் மூன்று நிமிஷமும் அது தண்ணீரில்தான் நின்றது, தொட்டியை விட்டு எங்கேயும் போகவில்லை என்றான் பாஸ்கல். நடுவர் நோட்டீசை வரவழைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். மேலிடத்தில் அச்சடித்து வந்த எழுத்தை மீறும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆனால் முழுகிய சாமானைக் கைத்தொழில் பிரிவில் சேர்க்க மனசு வரவில்லை. கடைசியில் பாசனக் கருவிகள் பிரிவில் ஆறுதல் பரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாஸ்கல் அந்தக் காகிதத்தை நெடுநாள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டும்போது பிரிவின் பெயரை மட்டும் பெருவிரலால் மறைத்துக்கொள்வான்.

“சரி, இதக் காலி பண்ணுங்கப்பா. மோட்டாரு போடணும்” என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை முற்றத்தில் பட்ட பாட்டை நினைத்துச் சௌகத் அலியும் பாஸ்கலும் தன்னிச்சையாக ஆளுக்கொரு முனையைப் பிடிக்கப் போனார்கள். சைதூன் கையால் விலக்கினாள். எழுந்து, இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, வாலைக் கீழே விட்டாள். தண்ணீர் ஒரே தாரையாகக் கொட்டியது. குலுக்க வேண்டியிருக்கவில்லை, கவிழ்க்க வேண்டியிருக்கவில்லை, யாரும் எதையும் உறிஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் கடைசிச் சொட்டு வரைக்கும் வந்து, வால் சப்பென்று ஒட்டிக்கொண்டது. சம்சாரிகள் கூட்டத்தில் ‘ஆங்’ என்று ஒரு சத்தம் எழுந்தது. படகு மிதந்தபோது அப்படி ஒரு சத்தம் எழவில்லை.

பெருமாள்சாமி கூட்டம் கலையும் வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கிதர் முகம்மதுவின் பக்கத்தில் வந்தார்.

“ஏனுங்க கிதர் பாய், நம்ம கூனைக்கு ஒரு வால் வேணுமுங்க. இப்ப இருக்கறது பாதிய வழியிலயே வுட்டுப்போடுது.”

“படகுல வச்ச மாதிரியா?”

“தையலு அதே மாதிரி இருக்கோணுமுங்க. படகெல்லாம் நமக்கெதுக்குங்க, அது முழுகிப்போவுது.”

“கூனை வாய் எம்புட்டு அகலம்?”

பெருமாள்சாமி இரண்டு கையையும் வட்டமாக வளைத்துக் காட்டினார். கிதர் முகம்மது அந்த வளைவை அப்படியே அசையாமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, ஈரக் கைலி தரையில் குளம் கட்ட, முழம் போட ஆரம்பித்தார்.

“என்னங்க, கைலியப் பிழிஞ்சுட்டு அளங்க” என்றாள் சைதூன்.